மூன்று மணிக்கு இறங்கிய ஷட்டர்

திருப்பூரில் ஒருவன் நன்றாக இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவன் வீட்டைப் பார்க்க வேண்டியதில்லை, காரையும் பார்க்க வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்கு அவன் கம்பெனியில் லைட் எரிகிறதா என்று பார்த்தால் போதும். எரிந்தால் ஆர்டர் இருக்கிறது. எரியாவிட்டால் ஆள் படுத்துவிட்டான். இப்படி யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வண்டியில் வீடு திரும்பும் ஒவ்வொரு பனியன் கம்பெனிக்காரனும் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் போவான். நானும் அப்படித்தான் போனேன். இருட்டாகக் கிடக்கும் கட்டடத்தைப் பார்த்தால் "அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டுவேன். உச்சுக்கொட்டும்போது உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். இல்லை என்று சொன்னால் அது பொய்.

என்னுடையது சின்ன கம்பெனி. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள், சிமெண்ட் சீட் கூரைக்குக் கீழே இரண்டு வரிசை தையல் மிசின். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று வெட்டின துணியை மூட்டை மூட்டையாக அனுப்பும். நாங்கள் அதை டீ-சர்ட்டாகத் தைத்துத் திருப்பி அனுப்புவோம். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் இரவு எட்டரை வரை மிசின் ஓடும். ஒன்றரை ஷிப்ட் என்று இதற்குப் பெயர். ஒரு ஷிப்ட் மட்டும் ஓட்டுகிறவனை எங்கள் ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மகள் சாப்பிட்டு முடித்து, புத்தகத்தின்மேல் தலையைக் கவிழ்த்திருப்பாள். "சாப்பிட்டயா சாமி?" என்பேன். "சாப்பிட்டனுங்கப்பா" என்பாள். காலையில் நான் கண் விழிப்பதற்குள் ஸ்கூல் வேன் வந்து அவளைக் கொண்டுபோயிருக்கும். பல வருடங்களாக எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் இந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான். அதற்காக நான் நல்ல அப்பா என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

ஆவணியில் குண்டடம் பக்கம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், என் பக்கத்திலிருந்த மகளைக் காட்டி, "பாப்பா என்ன படிக்குதுங்க?" என்று என்னைக் கேட்டார். நான் இலையில் ஓடிய பாயசத்தை மடக்கிப் பிடித்தபடி, "ஒம்பதாவதுங்க" என்றேன்.

பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "பத்தாவதுங்கப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கூடுதலாக வந்த கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்குகிற மாதிரி, சாதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்தாள். பெரியவர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் பொங்கலூர் தாண்டும் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்தார்.

"பத்தாவதுன்னா பப்ளிக் பரிச்சைங்க. லீவுல இருந்தே டியூசன் போயிட்டு இருக்கறா. ஊட்டுக்கு பால் ஊத்தறவருக்குக்கூடத் தெரியுமுங்க."

பால்காரரோடு என்னை ஒப்பிட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் தினமும் காலையில் அவளைப் பார்க்கிறார், நான் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று தோன்றியதால் விழுங்கிவிட்டேன். அன்றிரவு மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு மூன்று வருடம் போனால் அவள் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் லீவுக்கு விருந்தாளியாக வந்துபோகிற ஒறம்பரைதான். அதற்கு முன்பு அவளோடு நாலு வார்த்தை உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. எனக்கு எது வந்தாலும் வெறியாகத்தான் வரும்.

புரட்டாசி பிறந்த கையோடு கம்பெனியில் எல்லாரையும் நிற்க வைத்து அறிவித்தேன். இனிமேல் காலை ஆறு மணிக்கு ஷிப்ட் ஆரம்பம். மூன்று மணிக்கு ஷட்டர் இறக்கம். மத்தியானத்துக்கு மேல் சீட் கூரைக்குக் கீழே வேகிறீர்கள், உங்கள் கஷ்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை என்று உருக்கமாகப் பேசினேன். சூடு உண்மை. உருக்கத்தில்தான் கொஞ்சம் கலப்படம்.

டெய்லர்களில் மூத்தவர் ஒரு அக்கா, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். அவர் மிசினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாங்க வெள்ளனயே வந்துருவோம் ஓனரே. கொளாயில தண்ணி வர்ற நேரத்துக்கு வீட்டுல இருக்கலாம்லா, நல்லதுதான். நீங்க வந்துருவியளா?"

எல்லாரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத பீகார் பையன்கள்கூடச் சிரித்தார்கள். நான் ஒன்பதரைக்கு முன்னால் கம்பெனியில் கால் வைத்ததில்லை என்பது எந்த மொழிக்காரனுக்கும் தெரிந்த விஷயம். அதுவரைக்கும் சாவியை, வேலையை மேற்பார்க்கிற மாஸ்டரிடம் கொடுத்து வைத்திருந்தேன். புது ஷிப்டுக்கு நானே வந்து, என் கையால் ஷட்டரைத் தூக்கி, பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டித்தான் மிசின் ஓடும் என்று அந்த இடத்திலேயே ரோஷத்தில் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் அலாரம் அடித்ததும் யாரோ போன் பண்ணுகிறார்கள் என்று நினைத்து "பீஸ் ரெடிங்க, வண்டி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மனைவி தட்டி எழுப்பினார். வண்டியை எடுத்துக்கொண்டு போனால் ஊரே வேறு மாதிரி இருந்தது. ரோட்டில் ஒரு லாரி இல்லை. அந்த நேரத்துக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு அத்தனை பெண்கள் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் இந்த ஊரில் தொழில் செய்தவன், அதன் முதல் பாதியைப் பார்த்ததே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மொத்தப் பேரும் ஷட்டருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எழுந்து, "வாங்க ஓனரே, நல்லாத் தூங்குனியளா?" என்றார். ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. அதைத் தூக்கிப் பழக்கமில்லை. இரண்டு பீகார் பையன்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். என் கையும் அதில் பட்டுக்கொண்டுதான் இருந்தது, அதனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பத்து நாளில் ஷிப்ட் பழகிவிட்டது. காலைக் குளிரில் பீஸ் மளமளவென்று இறங்கியது. தப்புத் தையல் குறைந்தது. மூன்று மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பையன்போல வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில்தான் யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

நான் இல்லாமலேயே அந்த வீடு பல வருடமாக ஒரு ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு மணிக்கு மனைவி கால் நீட்டி உட்கார்ந்து தன் தங்கையோடு போன் பேசும் நேரம். நான் சோபாவில் உட்கார்ந்ததும் அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "இல்லடி, அவிய வந்துட்டாங்க, அப்பறம் பேசறேன்" என்று போனை வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இருந்தது. எப்போது கிளம்புவீர்கள் என்ற கேள்வியும் இருந்தது. நாலாவது நாள் வாய்விட்டே கேட்டார்: "ஏனுங்க, அப்படியே ஒரு நடை கடைகண்ணிக்குப் போயிட்டு வரலாமுங்கல்ல?"

மகள் நாலரைக்கு ஸ்கூல் வேனில் இறங்குவாள். முகம் கழுவி, பால் குடித்து, துணி மாற்றி, ஐந்தேகாலுக்கு டியூஷன் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது எட்டு மணி. அந்நேரத்துக்கு, விடியும் முன்பே எழுந்த எனக்குக் கண் சொருகிவிடும். யாருக்காக மொத்தக் கம்பெனியையும் திருப்பி வைத்தேனோ, அவளிடம் எனக்கென்று ஒரு சாயங்காலமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று ஃபேனைத் திட்டினேன்.

அப்புறம் ஒரு யோசனை தோன்றியது. அதுவரை அவள் சைக்கிளில்தான் டியூஷன் போனாள். "இனி நானே கொண்டுபோய் உடறேன் கண்ணு" என்றேன். "செரிங்கப்பா" என்றாள். திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நடந்து வந்துவிடுவாள். ஸ்கூட்டரில் கொஞ்ச தூரம்தான். நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்பேன். "ஒண்ணுமில்லீங்கப்பா" என்பாள். கணக்குப் பாடம் கஷ்டமா என்பேன். "இல்லீங்கப்பா" என்பாள். பின்னால் ஒரு தையல் மிசின் உட்கார்ந்திருந்தால்கூட இதைவிடக் கொஞ்சம் அதிகம் பேசும். ஆனாலும் அவள் பையின் மூலை என் முதுகில் இடித்துக்கொண்டே வரும். அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இதற்கிடையில் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து ஒரு தொல்லை. அங்கே எங்கள் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் ஒரு பொடியன், பேச்சில் பாதி இங்கிலீஷ். அவன் தினமும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கூப்பிட்டு, "சார், லைன் ரன்னிங்கா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு மிசின் சத்தத்துக்குக் காது கொடுப்பான். சத்தம் கேட்காவிட்டால் இந்த ஆளிடம் வலு இல்லை, அடுத்த லாட் துணியை வேறு இடத்துக்கு மாற்று என்று எழுதிவிடுவார்கள். மூன்று மணிக்கே பூட்டிவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? முதல் நாள் "ரன்னிங்தானுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

"சார், அது என்ன சவுண்டு?"

"அயர்னிங் பாய்லருங்க" என்றேன். துணி தேய்க்கிற நீராவி பாய்லர் எங்களிடம் இருந்ததே இல்லை. அடுத்து மனைவி பருப்பு வெந்துவிட்டதா என்று சத்தமாகக் கேட்டுவிடுவாரோ என்று எனக்கு வேர்த்துவிட்டது.

மறுநாள் காலையில் மனைவியின் பழைய போனைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், ஓடுகிற மிசின்களுக்கு நடுவில் வைத்து, சத்தத்தைப் பதிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து பொடியன் கூப்பிட்டதும் படுக்கையறைக்குள் போவேன். கட்டிலில் உட்கார்ந்து, பழைய போனில் மிசினை ஓடவிட்டு, என் போனில் "சொல்லுங்க தம்பி, சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க" என்று கத்துவேன். என்னைப் போல மூளைக்காரன் இந்த மாவட்டத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பேசி முடித்து என் போனை வைத்துவிட்டேன். அலுப்பில் பழைய போனை அணைக்க மறந்து, அதைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிசின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கதவருகில் மகள், தோளில் பையோடு.

"நேரமாச்சுங்கப்பா" என்றாள். நான் எழுந்து சாவியை எடுத்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? ஐப்பசி பிறப்பதற்குள் என் ஷட்டரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஒரு மத்தியானம் நான் பூட்டிக்கொண்டிருக்கும்போது, பழைய மிசின் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். அவர் எங்கே நின்றாலும் அங்கே ஒரு கம்பெனி சீக்கிரம் காலியாகும் என்று பெயர். ஷட்டரை அன்பாகத் தடவிக்கொடுத்தார்.

"அவசரமில்லீங்க. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க. மத்தவங்களாட்டம் வெலைய அடிச்சுப் பேச மாட்டனுங்க."

"என்னத்தச் சொல்றதுங்க? மிசின் ஓடுதுங்க" என்றேன்.

"ஓடட்டுமுங்க, ஓடட்டுமுங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே பொங்கலூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்தார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அவர் சும்மா வருகிறவர் இல்லை. அன்று ஒரு சாக்கு முருங்கைக்காயும், இளநீர்க் குலையும், ஆப்பிளும் வந்திறங்கின. ஆப்பிளைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போனால்தான் ஆப்பிள் வாங்குவார்கள். ஹாலில் உட்கார்ந்து மழை, தீவனம், ஊர் நாட்டாமை எல்லாம் பேசினார். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"மாப்ளை, புது ஷெட்டு ஒண்ணு போட்டிருக்கறனுங்க. பார்த்துக்க நம்பிக்கையான ஆளு ஓணும். மத்தவங்ககிட்ட உட மனசில்லீங்க."

"மச்சான், கம்பெனி நல்லா ஓடுதுங்க. காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சறோமுங்க. அதான் மூணு மணிக்குப் பூட்டறனுங்க."

அவர் என் தோளில் கை வைத்தார். கண்ணில் தண்ணீர் தேங்கியிருந்தது. "செரிங் மாப்ளை. கேக்கறவங்களுக்கு அப்படியே சொல்லிக்கலாமுங்க" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. எங்கள் ஆட்களின் மரியாதை இருக்கிறதே, அது ஒரு தண்டனை. நேராகக் கேட்டால் இல்லையென்று சொல்லிவிடலாம். கேட்கவே மாட்டார்கள். கேட்காமலேயே அழுதுவிட்டு, ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இத்தனை எரிச்சலிலும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. மகள் மாறிக்கொண்டிருந்தாள். ஸ்கூலில் எங்கோ டூர் கூட்டிப்போகிறார்கள், போகவில்லை என்று சொல்லிவிட்டாளாம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகலாம் என்றபோது, "எனக்கு வேண்டாங்கப்பா, போன வருசத்துதே புதுசாட்டத்தான் இருக்குது" என்றாள். ஒரு நாள் எனக்கு அவளே டீ போட்டுக் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் பூரித்துப்போனேன். "பார்த்தீங்களா, அப்பன் பக்கத்துல இருந்தா பிள்ளைக்கு எப்படிப் பொறுப்பு வருது" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். மனைவிக்கு என்னவோபோல இருந்தது. "தீபாவளித் துணி வேண்டாங்கற பிள்ளைய நான் இந்த ஊருல பார்த்ததில்லீங்க" என்றார். தாய்க்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, மகளை டியூஷனில் இறக்கிவிட்டுத் திரும்பப் போன என்னை டியூஷன் சார் கைகாட்டி நிறுத்தினார். சின்ன வயது, கூச்சக்காரர். பிள்ளைகள் கேட்காத தூரத்துக்குக் கூட்டிப்போனார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். பாப்பா இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சொல்லுச்சுங்க. தானே படிச்சுக்கறேன்னுச்சு. நிக்க வேண்டாம்னு நான் சொல்லீட்டனுங்க. எனக்கு ஃபீஸ் ஒரு விசயமே இல்லீங்க. உங்க நெலமை எனக்குப் புரியுது."

"என்ற நெலமைக்கு என்னங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கம்பெனி மூடிட்டீங்கன்னு இங்க பசங்க பேசிக்கறாங்க. பாப்பா ஒண்ணுமே சொல்லாம இருந்துச்சு. முந்தாநாள்தான் அழுதுருச்சுங்க. அப்பா தெனமும் சாயங்காலம் ரூமுக்குள்ள தனியா உக்காந்து, மிசின் சத்தத்தப் போனுல போட்டுக் கேட்டுட்டு இருக்காருன்னு. அவருகிட்டக் கேட்டுறாதீங்க சார், தாங்க மாட்டாருன்னு சொல்லுச்சு."

ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சிரிப்பும் வந்தது, அதற்கு முன்பே அழுகையும் வந்துவிட்டது. நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் கண்ணால் கண்டதெல்லாம் பட்டப்பகலில் வீட்டில் இருக்கிற அப்பனை மட்டும்தான். அவள் பிறந்ததிலிருந்து வேலை நாளில் அவள் பார்க்க நான் வெளிச்சத்தில் வீட்டில் இருந்ததே இல்லை. அப்படி இருந்தால் ஏதோ ஒன்று இடிந்து விழுந்திருக்க வேண்டும் என்றுதானே அந்தப் பிள்ளை நினைக்கும்? நான் அவளுக்காக வீட்டுக்கு வந்திருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது தோன்றுவதற்கு நான் எந்தக் காரணமும் கொடுத்ததில்லை.

அன்று அவள் திரும்பி வரும் வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். வாயால் சொன்னால் நம்பமாட்டாள். மச்சானிடம் வாயால்தான் சொன்னேன். "நாளைக்குக் காலைல என்றகூட ஒரு எடத்துக்கு வரோணும் சாமி. நேரமே எந்திரிக்கோணும்" என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு நொடி பார்த்தாள். "செரிங்கப்பா" என்றாள். கோழிப்பண்ணைக்குக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே தூறல். அவள் என் பின்னால் ரெயின்கோட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சந்துக்குள் வண்டி திரும்பியதும் ஷட்டருக்கு முன்னால் சீட் இறக்கத்துக்குக் கீழே ஒட்டி ஒட்டி நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தாள். கடன் கேட்டு வந்த கூட்டம் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ, என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஷட்டரைத் தூக்கினேன். அன்று பார்த்து ஒரே தூக்கில் போனது. சூடம் காட்டினேன். டெய்லர்கள் உட்கார்ந்தார்கள். மெயின் சுவிட்சைப் போட்டேன். இரண்டு வரிசை மிசினும் ஒன்றாகச் சத்தம் எழுப்பின. சீட் கூரை அதிர்ந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. அந்தச் சத்தத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள், அது பொய்ச் சத்தம் என்று முடிவும் செய்திருக்கிறாள். இப்போது எதை நம்புவது என்று தெரியாமல், போன் அதற்குள் ஓடுகிறதோ என்று என் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தாள்.

அப்போதுதான் சங்கரன்கோவில் அக்கா பக்கத்து ஹெல்பர் பெண்ணைப் பார்த்துக் கத்தினார்: "ஏட்டி, நூலு அந்துட்டு பாரு! கொண்டா!"

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். தினமும் எங்கள் படுக்கையறையிலிருந்து, மிசின் சத்தத்துக்கு நடுவில், அதே ஏற்ற இறக்கத்தோடு வரும் குரல். நான் பதிவு செய்த அன்றைக்கும் அந்த அக்காவுக்கு நூல் அறுந்திருக்கிறது. என் காதில் அது விழுந்ததே இல்லை. பழைய போன் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவள் அக்காவைப் பார்த்தாள். அறுந்த நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்க. அவள் சிரிப்பது அப்படித்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஆரு ஓனரே, மவளா?" என்று அக்கா மிசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன படிக்கே தாயி?"

அவள் வாய் திறப்பதற்குள் நான் மொத்த மிசின் சத்தத்துக்கும் மேலே கத்தினேன்: "பத்தாவது!"

"கத்தாதீங்கப்பா, கேக்குது" என்றாள்.

அன்று சாயங்காலம் மெர்ச்சண்டைசர் கூப்பிட்டபோது ஹாலில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். மூன்று மணிக்குப் பூட்டிவிடுகிறோம், நம்பிக்கை இல்லாவிட்டால் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள் என்றேன். லாட் போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் சார். உங்க கம்பெனியில டெய்லி ஈவினிங் கரெக்டா ஒரு அக்காவுக்கு நூல் அந்துபோவுது. ஆபீஸ்ல ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் கேப்போம். டெலிவரி டைமுக்கு வருது, எனக்கு என்ன சார். பாய்லர் மட்டும் ரிப்பேர் பண்ணிருங்க, ரொம்ப விசிலடிக்குது."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

டியூஷனுக்கு நேரமாகியிருந்தது. ஸ்கூட்டரில் ஏறினோம். நான் வழக்கம்போல மெதுவாக ஓட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. முனை திரும்பும்போது பின்னாலிருந்து அவளாகவே ஆரம்பித்தாள்.

"அப்பா, அப்ப நீங்க எதுக்குங்க நேரமே ஊட்டுக்கு வந்தீங்க?"

"உன்றகூடப் பேசலாம்னுதான் சாமி" என்றேன்.

கொஞ்ச தூரம் பை முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. அப்புறம் என் காதுப் பக்கமாகத் தலையை நீட்டினாள்.

"தீபாவளிக்கு எனக்கு ரெண்டு செட்டுங்க. டூருக்கும் பேர் குடுத்துட்டனுங்க. அப்பறம், கணக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்கப்பா."

டியூஷன் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.